தூங்குகிற லைன்

மின்கம்பத்தில் ஏறுவதை விட்டு ஐந்து வருஷமாகியும் அந்தத் தெருவில் அவருக்கு ஃப்யூஸ்காரர் என்றுதான் பேர். யார் வீட்டில் விளக்கு மினுக்கினாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அந்தக் கணக்கில் சுவிட்சைப் பிடித்த கையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டில் ஓர் ஊர்வலம் நடக்கும். ஊர்வலத்தில் ஒரே ஆள்தான். டிவி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போய் நிற்பார். சுவிட்சை அணைத்தால் மட்டும் மனசு ஆறாது, பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றி வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் அவர் மனைவி மூன்று நாள் பேசாமலிருந்து வாங்கிய விலக்கு.

இந்த ராஜ்ஜியத்துக்குள் இரண்டு மாதத்துக்கு முன் மகனும் மருமகளும் குடிவந்தார்கள். நாலு வருஷமாக இரண்டு தட்டு மட்டும் கழுவிக்கொண்டிருந்த மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் கொண்டுவந்தது இரண்டு பெட்டித் துணி. மருமகள் கொண்டுவந்தது ஒரு கம்ப்யூட்டர். அவள் கட்டட வரைபடம் போடுகிறவள், ஓர் இன்ஜினியர் ஆபீசுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அந்த வேலைக்கு மடியில் வைக்கிற சின்னது போதாதாம். மேஜைக்கடியில் நிற்கிற பெரிய கறுப்புப் பெட்டியும், மேஜை அகலத்துக்கு ஒரு திரையும் கூடத்து மூலையைப் பிடித்துக்கொண்டன.

முதல் நாள் ராத்திரியே ஊர்வலம் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டது. திரை இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியின் நெற்றியில் பொட்டு அளவு வெளிச்சம் ஒன்று மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணலையாம்மா?"

"தூங்க வச்சிருக்கேன் மாமா."

"என்ன பண்ணியிருக்கே?"

"தூங்க வச்சிருக்கேன். ஆஃப் பண்ணினா காலையில எல்லாத்தையும் முதல்லேர்ந்து திறக்கணும். பதினோரு படம் திறந்திருக்கு. இப்படி விட்டா எது எங்க இருந்ததோ அங்கயே இருக்கும். ஒரு கீயைத் தட்டினா முழிச்சுக்கும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஃப்யூஸ்காரருக்குக் கழுத்துக்குப் பின்னால் வியர்த்துவிட்டது.

காரணம் அந்த வார்த்தை. கம்பம் ஏறுகிறவர்களுக்கு உயிருள்ள லைன் ஒன்று, செத்த லைன் ஒன்று. சுவிட்சை இறக்கி, இரண்டு பக்கமும் கம்பியைப் பூமியோடு கட்டிவிட்டால் அது செத்த லைன், கன்னத்தை வைத்துப் படுக்கலாம். சுவிட்சை மட்டும் இறக்கிவிட்டுக் கட்டாமல் விட்டால் அது சாகவில்லை, தூங்குகிறது. எவன் வீட்டு ஜெனரேட்டராவது பின்பக்கமாகக் கரண்டைத் தள்ளினால் சட்டென்று முழித்துக்கொள்ளும். 'தூங்குறதை நம்பி ஏறாதே' என்பதுதான் அவர் வேலை பார்த்த மின்வாரிய டிப்போவில் புதுசாக வருகிறவனுக்குச் சொல்லும் முதல் பாடம். இருபத்திரண்டு வருஷமாக அப்படி. நெட்டை என்கிற லைன்மேன் கம்பத்திலிருந்து விழுந்து செத்த நாளிலிருந்து. அந்த வார்த்தையை முதலில் சொன்னவரே நம் ஃப்யூஸ்காரர்தான்.

அவர் படுக்கிற அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். கண்ணை மூடினாலும் அந்தப் பொட்டு வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது. இது நடிக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து படுத்தார். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

காலையில் மருமகள் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் மறுபடி பிடுங்கினார். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது தடவை சிரிக்க முடியவில்லை. ஒரு மாடிப்படி வரைபடம், நாலு மணி நேர வேலை, அவள் இன்னும் சேமிக்காமல் அசதியில் போய்ப் படுத்திருந்தாள். பிளக்கோடு அதுவும் போயிற்று. அன்றைக்குப் போனில் இன்ஜினியர் கத்தின கத்தல் சமையலறை வரைக்கும் கேட்டது. அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் படியிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மகன்தான் பேசினான். "அப்பா, உங்க வீடு, உங்க பழக்கம். நான் தப்பு சொல்லலை. ஆனா இன்னொரு தடவை அதைத் தொட்டீங்கன்னா நாங்க தனியா போயிடறோம். அவ வேலையையும் பாக்கணும்ல."

மகன் வாசல் தாண்டியதும் மனைவி வந்து நின்றாள். "பெத்தது ஒண்ணு. ஒரு பிளக்குக்காக அதையும் வாசல்ல கொண்டுபோய் விட்டுடாதீங்க."

"தொடலை."

"தொடலைன்னு என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"தொடலைன்னா தொடலை."

தொட்டால் மகன் போய்விடுவான். தொடாவிட்டால் இவருக்குத் தூக்கம் போய்விடும். இரண்டில் தூக்கம்தான் மலிவு என்று முடிவுசெய்து, அன்றிலிருந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தார்.

பகலில் மட்டும் என்ன வாழ்ந்தது? தெருக்கோடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடை ஒன்று உண்டு. வெளியே போகிற சாக்கில் நாலு தடவை அதைக் கடந்தார். ஐந்தாவது தடவை உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி ஆஃப் பண்றது நல்லதா, தூங்க விடறது நல்லதா?"

கடைக்காரர் எதையோ கழற்றிக்கொண்டே சொன்னார்: "தினம் அணைச்சு அணைச்சுப் போட்டா தேயும்பாங்க ஒரு கோஷ்டி. அணைக்காம விட்டா சூடாகும்பாங்க இன்னொரு கோஷ்டி. ரெண்டு கோஷ்டியோட பெட்டியும் என்கிட்டதான் வருது. வாரத்துக்கு ஒரு நாள் அணைங்க, மத்த நாள் தூங்கட்டும். அது இழுக்கிற கரண்ட்ல உங்க வீட்டு பாத்ரூம் பல்புகூட எரியாது."

"தீப்பிடிக்குமா?"

"சார், ராத்திரி ஆனா சுவத்துக் கடிகாரத்தைக் கழட்டி வைக்கிறீங்களா?"

பேட்டரி கடிகாரமாக இருந்ததால் அதை மட்டும்தான் அவர் விட்டுவைத்திருந்தார். எழுந்து வந்துவிட்டார். கரண்டைப் பற்றி இன்னொருத்தனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அவர் இல்லை. கேட்க வேண்டியது வேறு, அதைக் கேட்கிற கடை எங்கும் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம். மருமகள் காப்பி டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது ஃப்யூஸ்காரர் பிளக்கின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கை நீண்டிருந்தது. தொடவில்லை. இரண்டு விரல்கடை தூரத்தில் அப்படியே நின்றிருந்தது.

கத்துவாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க வேலையில ஒருத்தர் இறக்கி வச்ச சுவிட்சை இன்னொருத்தர் தொடலாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. தொழிலைக் குறைசொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அது எப்படித் தொடலாம்? சுவிட்சை இறக்கினா அதுல ஒரு மரப்பலகை மாட்டணும். 'ஆள் மேலே. தொடாதே'ன்னு எழுதியிருக்கும். கீழே மாட்டினவன் பேரைச் சாக்பீஸால எழுதணும். மாட்டினவன்தான் எடுக்கணும். பெரிய அதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது."

"மாட்டினவர் அங்க இல்லைன்னா?"

"போன் போட்டு அவன் வாயால கேட்கணும். 'லைன்ல யாராவது இருக்கீங்களா?'ன்னு மூணு தடவை கேட்கணும். மூணு தடவையும் பதிலுக்குக் காத்திருக்கணும். அப்புறம்தான்..."

அவர் பிளக்கை விட்டு விலகி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அந்த பிளக்குக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது. வரைபடம் போடுகிற கை அல்லவா, எழுத்து ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. ஆள் மேலே. தொடாதே. கீழே 'மாட்டியது: மருமகள்' என்று சாக்பீஸில் எழுதியிருந்தாள். கறுப்பு அட்டைக்கும் சாக்பீஸுக்கும் எந்தக் கடையில் அலைந்தாளோ. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்துப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஃப்யூஸ்காரர் அதைப் படித்தார். பிறகு காலை ஆகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அட்டை வேலை செய்தது. அவர் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. "மந்திரிச்சு விட்ட மாதிரி ஆயிட்டாரு, நாப்பது வருஷமா எனக்கு இது தோணலையே" என்று மனைவி பக்கத்து வீடுவரைக்கும் பெருமை பேசினாள். அவர் முன்னைவிட மோசமாக இருக்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நெட்டை செத்தது எந்த லைனும் முழித்துக்கொண்டதால் இல்லை. அன்றைக்கு மத்தியானம் மழை அடித்து ஓய்ந்திருந்தது. மூன்று தெருவில் கரண்ட் இல்லை, டிப்போ போன் ஓயாமல் அடித்தது, ஜனங்கள் ஃப்யூஸ்காரரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். முச்சந்தி சுவிட்சில் பலகை தொங்கியது. சாக்பீஸ் பேரை மழை கழுவிவிட்டிருந்தது. முந்தின நாள் வேலை செய்தவன் மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தார். அப்படி மறப்பவர்களும் உண்டுதான். கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பலகையை எடுத்தார், சுவிட்சை ஏற்றினார். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நாலாவது கம்பத்தில் நெட்டை இருந்தான்.

அலறல் கேட்டதும் செய்ததுதான் இன்னும் மோசம். சுவிட்சை இறக்கிப் பலகையைப் பழையபடி மாட்டிவிட்டார். விசாரணைக்கு வந்தவர்களிடம், "சுவிட்ச் இறக்கித்தான் இருந்துச்சு. லைன் தூங்கியிருக்கு சார், எங்கிருந்தோ முழிச்சுக்கிச்சு" என்றார். திருப்பத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடைக்காரர் இருந்தார். எல்லோர் விரலும் அவர் பக்கம் திரும்பியது. தெருவில் நெட்டையின் மனைவி மண்ணை வாரித் தூற்றியது அந்த மனுஷனைத்தான். வருஷம் திரும்புவதற்குள் அவர் கடையைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார். இவர் சொன்ன பொய் டிப்போவில் பாடமாகி நிலைத்துவிட்டது. அந்தப் பொய்தான் இப்போது கூடத்து மூலையில் ராத்திரி முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இது யாருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது.

அடுத்த வாரம் மருமகளுக்குத் தலைமை ஆபீசில் இரண்டு நாள் வேலை வந்தது. மகனும் கூடப் போவதாகச் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டே, "வர்ற வழியில ஒரு வாடகை வீட்டை ஒரு எட்டு பாத்துட்டு வரோம்" என்றான்.

"இப்பதான் அப்பா ஒழுங்கா இருக்காரேடா" என்றாள் அம்மா.

"எத்தனை நாளைக்கும்மா ஒரு அட்டையை நம்பி இருக்கிறது?"

மருமகள் போகும்போது மாமனாரிடம் வந்தாள். "தூங்க வச்சிட்டுப் போறேன் மாமா. அட்டை தொங்குது. போயிட்டு வரேன்." அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மரக்கிளை ஜன்னலில் அடித்தது. விளக்கு மங்கி மங்கி எரிந்தது. அப்புறம் மின்னல், எண்ணி மூன்றுக்குள் இடி. மூன்று என்றால் பக்கத்தில் என்று அவருக்குத் தெரியும். டிவி பிளக்கைப் பிடுங்கினார், ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினார், கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, அதையும் பிடுங்குங்க. இடி இறங்கினா பெட்டி கருகிப்போயிடும். அப்புறம் அதுக்கும் உங்களைத்தான் சொல்லுவான்."

"அட்டை தொங்குது."

"அட்டைதானேங்க அது."

"அவ மாட்டினது."

மனைவி வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தானே குனிந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அப்படி அழுத்திப் பிடித்ததில்லை. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு கையால் அவளைப் பிடித்தபடியே போனை எடுத்து மருமகளுக்குப் போட்டார். மணி போகவில்லை. மறுபடி போட்டார். போகவில்லை. இன்னொரு மின்னலில் கூடமே வெளுத்தது. எண்ணினார். இரண்டு. மூன்றாவது தடவை மணி போயிற்று. எடுத்தது மகன்.

"அப்பா? அங்கயும் மழையா?"

"அவகிட்ட குடு."

"வண்டியில ஏறிட்டிருக்காப்பா. என்ன விஷயம், என்கிட்ட சொல்லுங்க."

"இடி விழுது. அந்த பிளக்கை எடுக்கணும்."

"எடுங்கப்பா. இதுக்குப் போய்க் கேட்பாங்களா?"

"நீ சொன்னா ஆகாது. மாட்டினவ சொல்லணும்."

"அப்பா, விளையாடறீங்களா? நான்தான் எடுங்கன்னு சொல்றேனே."

"அவகிட்ட குடுடா."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம். அங்கே பெய்கிறதா இங்கே பெய்கிறதா என்று தெரியவில்லை. பிறகு அவள் குரல் வந்தது. "சொல்லுங்க மாமா."

ஃப்யூஸ்காரர் நிமிர்ந்து நின்றார். டிப்போ போனில் பேசுகிற குரல் அவருக்குத் தானாக வந்தது. "லைன்ல இருக்கிறது யாரு?"

"நான்தான் மாமா. மருமகள்."

"இங்க சுவிட்சுல பலகை தொங்குது. உன் பேரு போட்டிருக்கு. எடுக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. "நான் மாட்டினதுதான் மாமா. எல்லாத்தையும் சேமிச்சிட்டேன். நீங்க எடுக்கலாம்."

அட்டையை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் நெற்றியில் பாதி ஏறிக்கொண்டிருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது. வேலை முடிந்துவிட்டது, போனை வைத்திருக்கலாம். அவரால் வைக்க முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் கேட்கலைம்மா."

"என்னைக்கு மாமா?"

"நெட்டை மேல இருந்தான். பலகை தொங்கிச்சு. இப்ப கேட்டேன் பாரு, இவ்வளவுதான், இதைத்தான் கேட்டிருக்கணும். கேட்காம எடுத்துட்டேன். லைன் தூங்கலைம்மா. நான்தான் ஏத்தினேன். ஏத்திட்டு, இறக்கிட்டு, பலகையையும் மாட்டிட்டு, தூங்கிச்சு முழிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டேன். ஒரு பாவமும் அறியாத மனுஷன் மேல பழி போச்சு. பார்த்துக்கிட்டு நின்னேன்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"நீங்க வீடு பாக்கப் போறீங்க. போங்க. இப்படிப்பட்டவன் வீட்டுல இருந்தோம்னு தெரிஞ்சுக்கிட்டே போங்க. நாளைக்கு முதல் வேலையா டிப்போவுக்குப் போய்ச் சொல்லப்போறேன். அந்தக் கடைக்காரர் எங்க இருக்கார்னு விசாரிக்கணும். நெட்டை வீட்டுக்கும் போகணும். உங்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. கரகரவென்று ஏதோ இழுத்தது, அதுவும் நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"லைன்ல இருக்கியாம்மா?"

காத்திருந்தார். இடி ஒன்று தூரத்தில் உருண்டு போயிற்று.

"லைன்ல இருக்கியா?"

காத்திருந்தார். தரையில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"லைன்ல யாராவது இருக்கீங்களா?"

கரகரப்பு விலகியது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"லைன்லதான் இருக்கேன் மாமா," என்றாள் மருமகள். "எங்கயும் போகலை."